எலும்பு முறியவில்லை என்ற பிறகு

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் கல்கத்தா நெடுஞ்சாலையில், கவரப்பேட்டையைக் கடந்து கும்மிடிப்பூண்டியை நெருங்கும்போதே உருக்காலைகளின் புகைபோக்கிகள் கண்ணில் படத் தொடங்கும் அந்தப் பிரதேசத்தில், சிப்காட் வளாகத்துத் தொழிற்சாலைகளுக்கும், பொன்னேரி, எளாவூர், ஆரம்பாக்கம், ஊத்துக்கோட்டை முதலிய ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களுக்கும் இடையே, ஷிப்ட் மாறும் ஒவ்வொரு வேளையிலும் தொழிலாளர் கூட்டம் இரு சக்கர வாகனங்களில் விரைகிறது. பளு தூக்குவதும், எண்ணெய் சிந்திய தரையில் நடப்பதும், இரும்புப் படிகளில் ஏறி இறங்குவதும், ஓய்வு நாளில் ஊர்த் திடலில் கபடி ஆடுவதுமாகக் கழிகின்ற அவர்களுடைய வாழ்க்கையின் பாரத்தையெல்லாம் தாங்குவது முழங்கால். அதில் அடிபட்டு மருத்துவமனைக்கு வருகிறவருக்கு முதலில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எடுத்துப் பார்த்து, "எலும்பு முறியவில்லை" என்று மருத்துவர் சொன்னதும், அவரும் வீட்டாரும் தெய்வத்துக்கு நன்றி சொல்லிவிட்டுத் தைலம் தடவிக் கட்டுப்போட்டு, வீக்கம் வடிந்த இரண்டாம் வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். மருத்துவர் சொன்னது பொய்யன்று. ஆனால் முழங்காலைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான் என்பதையும், மீதிப் பாதியை எங்கே, எப்படித் தேடுகிறார்கள் என்பதையும் விளக்கிச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தொடை எலும்பின் உருண்ட இரு முனைகள், கீழ்க்கால் எலும்பின் ஏறக்குறையத் தட்டையான மேடையின்மீது அமர்ந்திருப்பதே முழங்கால் மூட்டு. உருண்டையான ஒன்று தட்டையானதன்மேல் நிலைத்து நிற்பதற்கு எலும்புகளின் வடிவம் மட்டும் போதாது. அவற்றை நிற்கச் செய்கிறவை நான்கு தசைநார்கள். உட்புறத்தில் ஒன்றும் வெளிப்புறத்தில் ஒன்றுமாக இரண்டு நார்கள் மூட்டு பக்கவாட்டில் திறந்துகொள்ளாதபடி காக்கின்றன. நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் மற்ற இரண்டில், முன்னது கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவாமலும், பின்னது அது பின்பக்கம் தள்ளப்படாமலும் பிடித்து நிறுத்துகின்றன. மருத்துவமனையில் ஏ.சி.எல். என்றும் பி.சி.எல். என்றும் சொல்வது இவ்விரண்டையும்தான். ஊரில் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று சொல்வதும் பெரும்பாலும் இவற்றில் ஒன்றையோ, மூட்டுக்குள் இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பையோ குறித்துத்தான். ஏ.சி.எல்.லின் நீளம் 3 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அகலம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். இத்தனை சிறிய நார் அறுந்துபோனால், வீக்கம் வடிந்த பிறகு நேராக நடக்கும் மனிதருக்கு ஒரு குறையும் தோன்றாது. படியிறங்கும்போதோ, தோளில் சுமையுடன் சட்டென்று திரும்பும்போதோதான் முழங்கால் தன்னைக் கைவிட்டு நழுவுவதை அவர் உணர்வார். அவ்வாறு நழுவும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குருத்தெலும்பு எலும்புகளுக்கிடையே சிக்கிச் சிறிது சிறிதாகக் கிழிகிறது. நாற்பது வயதுக்கு முன்பே மூட்டுத் தேய்மானத்துடன் வருகிறவர்களில் பலருடைய கதை, என்றோ ஒரு நாள் கவனிக்காமல் விட்ட இந்த நாரிலிருந்துதான் தொடங்குகிறது.

படம் எடுப்பதற்கு முன்பே இந்தக் காயத்தின் லட்சணங்கள் பல தெரிந்துவிடும். அடிபட்ட கணத்தில் உள்ளே ஏதோ 'டப்'பென்று தெறித்ததாகப் பலர் சொல்வார்கள். அதைவிட முக்கியமானது வீக்கம் எப்போது வந்தது என்பது. மறுநாள் காலையில் மெல்ல வந்த வீக்கம் வேறு. அடிபட்ட இரண்டொரு மணி நேரத்துக்குள் மூட்டு மளமளவென்று பருத்துவிட்டால், உள்ளே ரத்தம் சேர்ந்திருக்கிறது என்று பொருள். இப்படி ரத்தம் கட்டிய முழங்கால்களை மூட்டு உள்நோக்கிக் கருவியால் ஆராய்ந்து, அமெரிக்காவின் ஃபிராங்க் நாயெஸ் குழுவினர் 1980இல் வெளியிட்ட முடிவு, அவற்றில் நூற்றுக்கு 72இல் ஏ.சி.எல். சேதமடைந்திருந்தது என்பதாகும். எந்தப் பெரிய யந்திரமும் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கக்கூடிய ஒரே ஒரு கேள்வி இவ்வளவு தூரம் வழிகாட்டுகிறது. அடுத்தது கைப் பரிசோதனை. பிலடெல்பியாவில் ஜான் லாக்மன் கற்பித்து, அவருடைய சீடர் ஜோசப் டார்க் 1976இல் எழுதி வெளியிட்ட முறை அது: முழங்காலை இருபது முப்பது டிகிரி மட்டும் மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னுக்கு இழுத்துப் பார்ப்பது. நார் உறுதியாக இருந்தால் அந்த இழுப்பு ஓரிடத்தில் சட்டென்று நிற்கும். அறுந்திருந்தால் நிற்பதற்கு அங்கே எதுவும் இராது. வலியால் தசைகள் விறைத்திருக்கும் முதல் நாளில் இந்தப் பரிசோதனை தெளிவாக அமையாமற் போகலாம். ஆகையால் ஒரு வாரம் பத்து நாளில் வீக்கம் தணிந்த பிறகு மறுபடியும் பரிசோதிப்பது மிகவும் அவசியம். நம்மவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் அந்த இரண்டாம் பரிசோதனையைத்தான்.

எக்ஸ்ரே கிரணங்களை ஜெர்மனியில் ரான்ட்ஜன் கண்டது 1895இல். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் எழுந்தது 1934இல். அந்த நாள்தொட்டு இன்றுவரை, எலும்பைப் பார்க்க அதைவிட மலிவானதும் விரைவானதுமான சாதனம் வேறில்லை; தசைநாரோ அதில் தெரிவதில்லை. ஆனால் தசைநார் எலும்பைப் பற்றியிருக்கும் இடத்தில் அது விட்டுச்செல்லும் சிறு தடயங்கள் தெரியும். அவற்றைத் தேடத் தெரிந்த கண் வேண்டும். கீழ்க்கால் மேடையின் வெளி ஓரத்தில், அரிசி மணியளவே ஆன எலும்புச் சில்லு ஒன்று பெயர்ந்து நிற்கக்கூடும். பால் செகோன் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், சவங்களின் முழங்கால்களை முறுக்கிப் பார்த்து, எந்த இடத்தில் எலும்பு பெயர்கிறது என்று எழுதிவைத்தது 1879இல். எக்ஸ்ரே பிறப்பதற்கு 16 ஆண்டுகளுக்கு முன். அவர் பெயரால் வழங்கும் அந்தச் சில்லு படத்தில் தெரிந்தால், பெரும்பாலும் ஏ.சி.எல். அறுந்திருக்கிறது என்றே கொள்ளலாம். 'சின்னச் சில்லுதான், ஒன்றுமில்லை' என்று விட்டுவிடத் தோன்றும் இடம் அதுவே என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மேடையின் நடுவிலுள்ள முள் போன்ற எலும்பு பெயர்ந்திருப்பது மற்றொரு தடயம். சிறுவர்களுக்கு நார் அறுவதற்குப் பதிலாக அது பற்றியிருக்கும் எலும்பே பெயர்ந்து வருவது உண்டு. கீழ்க்காலின் வெளிப்புறத்து மெல்லிய எலும்பின் தலை பெயர்ந்திருந்தால், மூட்டின் பின்வெளி மூலையிலுள்ள நார்க் கூட்டம் முழுவதுமே சேதமடைந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். நோயாளியைப் படுக்க வைத்துக் கிரணத்தைப் பக்கவாட்டில் செலுத்தி எடுத்த படத்தில், மூட்டுக்குள் கொழுப்பு மேலும் ரத்தம் கீழுமாக நேர்க்கோடிட்டுப் பிரிந்து நின்றால், கண்ணுக்குத் தெரியாத முறிவு ஒன்று எங்கோ இருக்கிறது என்பது நிச்சயம்.

இந்தப் பிரதேசத்துக்கென்று தனியே சொல்ல வேண்டியது பி.சி.எல். காயம். மடங்கிய முழங்கால் முன்புறமாக எதன்மீதாவது மோதும்போது, கீழ்க்கால் எலும்பு பின்னால் தள்ளப்பட்டு இந்த நார் அறுகிறது. மேல்நாட்டுப் புத்தகங்களில் இதற்குக் காரின் முன்பலகையில் முழங்கால் இடிப்பதை உதாரணமாகக் காட்டுவார்கள். நமக்கு அது பைக்கிலிருந்து விழுந்து தரையில் முட்டி குத்துவதாகவோ, எதிரே வந்த வண்டியின்மேல் இடிப்பதாகவோ அமைகிறது. இந்தக் காயத்தில் ஏ.சி.எல். காயத்தைப்போல் பெரிய வீக்கமோ நழுவலோ இல்லாதிருக்கலாம். முட்டியின் தோல் சிராய்ப்புக்கு மருந்து போட்டு அனுப்பிவிடுகிற அளவுக்கு அது சாதுவாகத் தோன்றும். சிராய்ப்பு கீழ்க்காலின் முன்புறத்தில் இருந்தால், அதுவே பின்னாலுள்ள நாரைப் பற்றிய முதல் எச்சரிக்கை.

எக்ஸ்ரேயில் தெரியாத தசைநாரைக் காட்டுகிற எம்.ஆர்.ஐ., கிரணங்களைச் செலுத்திப் படமெடுக்கும் யந்திரமன்று. பெரும்பாலான மருத்துவமனைகளில் உள்ள யந்திரத்தின் காந்த பலம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப் புலத்தைப்போல் அது சுமார் 30,000 மடங்கு. அந்தக் காந்தத்துக்குள் மனிதரைக் கிடத்தினால், சரீரத்திலுள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களின் கரு அதற்கு இசைந்து ஒருமுகப்படுகிறது. வானொலி அலைகளால் அவற்றைச் சற்றே கலைத்துவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது வெளியிடும் சமிக்ஞையைக் கொண்டு படம் அமைகிறது. இந்தத் தத்துவத்தைப் படமாக்கும் வழி கண்ட பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. முழங்காலை, வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்குவதுபோல், 3 மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாகப் பக்கவாட்டிலும் முன்னிருந்தும் மேலிருந்தும் மூன்று திசைகளில் பார்க்கலாம். அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், சத்தம் அதிகம், கதிர்வீச்சு கிடையாது.

அந்தப் படத்தில் ஒன்றை நிதானமாகப் பார்ப்போம். பக்கவாட்டு அடுக்குகளில் நடுவிலுள்ளதை எடுத்துக்கொண்டால், ஆரோக்கியமான ஏ.சி.எல். மேலே பின்புறத்திலிருந்து கீழே முன்புறம் நோக்கி, சாய்வாக இறங்கும் கறுத்த பட்டையாகத் தெரியும். இறுக்கமாக நெய்யப்பட்ட நாரிழைகளில் கட்டற்ற நீர் குறைவு, ஆகவே சமிக்ஞையும் குறைவு, நிறம் கறுப்பு. நார் அறுந்தால் நீரும் ரத்தமும் அதற்குள் புகுகின்றன. கறுத்த பட்டை இருந்த இடத்தில் வெளிறிய, உருத் தெரியாத கலங்கல் இருக்கும். அல்லது பட்டையின் நடுவே இழைகள் அலை அலையாகத் தொய்ந்திருக்கும். சில சமயம் அறுந்த துண்டு மேடையின்மீது படுத்துவிட்டிருக்கும். கீழ்க்கால் எலும்பு முன்னால் நகர்ந்துவிடுவதால், பின்னாலுள்ள பி.சி.எல். தன் இயல்பான மென்மையான வளைவை இழந்து கூர்மையாக மடங்கி நிற்கும்.

இவற்றைவிட என் மனத்தைக் கவர்வது எலும்புக்குள் தெரியும் கன்றிய தழும்பு. எக்ஸ்ரேயில் துளியும் தெரியாத அது, கொழுப்பின் ஒளியை அடக்கி எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைப் புகைபோல் பரவியிருக்கும். ஏ.சி.எல். அறுந்தவருக்குப் பெரும்பாலும் இரண்டு இடங்களில் அது காணப்படுகிறது: தொடை எலும்பின் வெளிமுனையின் நடுப்பகுதியில் ஒன்று, கீழ்க்கால் மேடையின் வெளிப்பக்கத்துப் பின்விளிம்பில் மற்றொன்று. சாதாரணமாக நிற்கும் மனிதரின் முழங்காலில் இவ்விரண்டு இடங்களும் ஒன்றையொன்று எதிர்நோக்கி இருப்பவையல்ல. அவை மோதிக் கன்றியிருக்கின்றன என்றால், அடிபட்ட கணத்தில் கீழ்க்கால் எலும்பு முன்னுக்குப் பாய்ந்து உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். பிடித்து நிறுத்த வேண்டிய நார் அதற்குள் அறுந்திருக்க வேண்டும். கபடியில் ரெய்டர் கோட்டைத் தொடுவதற்காகக் காலை ஊன்றித் திரும்பிய அந்த ஒரு நொடி, சில வாரங்கள் கழித்தும் எலும்பில் பதிந்து நிற்கிறது. அதுபோலவே கீழ்க்கால் எலும்பின் முன்முகத்தில் மட்டும் தழும்பு இருந்தால் பி.சி.எல்.லைத் தேட வேண்டும். தொடையின் வெளிப்பக்கத்தில் மட்டும் இருந்தால், வெளியிலிருந்து விழுந்த அடி உட்பக்க நாரை இழுத்திருக்கும். எந்த நாரை உற்றுப் பார்க்க வேண்டுமென்று எலும்பே நிபுணருக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை மக்களிடம் வலுத்து வருகிறது. அது முழுவதும் சரியன்று. ஏ.சி.எல். முழுமையாக அறுந்திருந்தால் பத்தில் ஒன்பதுக்கு மேல் அது சரியாகவே சொல்லிவிடும். பாதி அறுந்ததைச் சொல்வதில் அத்தனை உறுதி கிடையாது. காந்தத்தின் திசைக்கு ஏறக்குறைய 55 டிகிரி சாய்ந்து செல்லும் நார், எந்தக் காயமும் இல்லாமலே சில வகைப் படங்களில் வெளுத்துத் தோன்றுவது உண்டு. அதைக் காயமென்று எண்ணிவிடக் கூடாது. பழைய பி.சி.எல். காயம் நீண்டு தளர்ந்தபடியே ஒட்டிக்கொண்டு, படத்தில் இயல்பான கறுப்புப் பட்டையாகவே காட்சி தரும். அப்போது உதவுவது பழைய எக்ஸ்ரேதான். கீழ்க்காலைப் பின்னுக்கு அழுத்தியபடி இரு கால்களையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டால், அடிபட்ட பக்கம் 8 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் கூடுதலாக நகர்வது அந்த நார் அறுந்ததைக் காட்டிவிடும். படத்தை மட்டும் பார்த்து அறுவை சிகிச்சையைத் தீர்மானிப்பதும், படம் இயல்பென்று வந்ததால் நழுவும் முழங்காலை நம்ப மறுப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கும்மிடிப்பூண்டியிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும் பட்டறைகளில் உழைப்போர் ஸ்கேன் அறைக்குள் நுழையுமுன் அறிய வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கிரைண்டிங், வெல்டிங், கடைசல் வேலைகளில் கண்ணில் தெறித்த இரும்புத் துகள், உறுத்தல் அடங்கிய பிறகும் உள்ளேயே தங்கியிருக்கக்கூடும். 1986இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில், உலோகத் தகட்டு வேலை செய்த ஒருவர் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது கண்ணுக்குள் இருந்த துகள் காந்தத்தால் அசைந்து ஒரு கண்ணின் பார்வையை இழந்த செய்தி வெளியாயிற்று. முழங்காலுக்குப் படமெடுக்கப் போய்க் கண்ணை இழப்பது எத்தனை கொடுமை! ஆகவே இப்படிப்பட்ட வேலை செய்தவர், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அதைப் படமெடுக்கும் ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும். கண்ணில் துகள் பட்டதுண்டு என்றால் முதலில் கண்குழிக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவார்கள். ஒடியாவோ இந்தியோ மட்டும் அறிந்த வடமாநிலத் தொழிலாளிக்கு இந்தக் கேள்வி அவருடைய பாஷையில் கேட்கப்பட வேண்டும். தமிழில் அச்சிட்ட படிவத்தில் அவர் இடும் கையெழுத்து அவருடைய கண்ணைக் காப்பாற்றாது.

திருவள்ளூரில் கோயில் கொண்டிருப்பவர் வைத்திய வீரராகவப் பெருமாள். அமாவாசை தோறும் குளத்தில் வெல்லம் கரைத்துத் தங்கள் வியாதி தீர வேண்டிக்கொள்கிறவர்களை அங்கே பார்க்கலாம். திருவள்ளூரிலிருந்து செல்லும் சாலையில் திருத்தணி, நகரியைத் தாண்டிச் சென்றால் ஆந்திரத்தின் புத்தூர். பச்சிலை அரைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கும் புத்தூர்க் கட்டைத் தேடி, தலைமுறை தலைமுறையாக நம் திருவள்ளூர் ஜில்லாவிலிருந்து ஜனங்கள் போய்வருகிறார்கள். அங்கே கட்டிக்கொண்டு குணமானேன் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. முழங்காலின் உட்பக்க நார், சுற்றிலும் ரத்த ஓட்டமுள்ள திசுக்களின் நடுவே இருப்பதால், அசையாமல் வைத்தால் பெரும்பாலும் தானே ஆறிவிடக்கூடியது. நவீன மருத்துவமும் அதற்குப் பெரும்பாலும் கத்தியை எடுப்பதில்லை, பட்டை மாட்டி ஓய்வுதான் கொடுக்கிறது. ஏ.சி.எல்.லோ மூட்டு நீரில் நனைந்தபடி இருப்பது; அறுந்த முனைகளுக்கிடையே ரத்தம் உறைந்து பாலமாக நிலைக்க அங்கே வழியில்லாததால், எந்தக் கட்டுக்கும் அது எளிதில் ஒட்டுவதில்லை. ஆகவே கட்டு நல்லதா கெட்டதா என்று வாதாடுவதில் பிரயோஜனமில்லை. அறுந்தது எந்த நார் என்று அறியாமல் கட்டுவதுதான் அபாயம்.

அபாயங்களில் மிகப் பெரியது, தாமதத்துக்கு இடமே தராதது, மூட்டு முழுவதுமாக விலகி மறுபடி தானாகவே அமர்ந்துவிடும் காயம். எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒழுங்காகவே தெரியும்; ஆனால் மூன்று நான்கு நார்கள் ஒருசேர அறுந்திருக்கும்; முழங்காலுக்குப் பின்னே ஓடும் பெரிய தமனியும் கிழிந்திருக்கலாம். பாதம் சில்லிட்டு வெளுத்தாலோ, நாடி கிடைக்காவிட்டாலோ, ரத்த ஓட்டத்தை 6 முதல் 8 மணி நேரத்துக்குள் மீட்டாக வேண்டும். தவறினால் காலையே இழக்க நேரும். அப்போது எம்.ஆர்.ஐ.க்குக் காத்திராமல், ரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேனும் ரத்தக்குழாய் அறுவை நிபுணரும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்வதே முறை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நலம்.

1997இல் தனி ஜில்லாவான திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022 ஜனவரியில்தான். அதற்கு முன்பெல்லாம் பெரிய காயமென்றால் சென்னை ஸ்டான்லிக்கோ பொது மருத்துவமனைக்கோ ரயிலேறுவதே வழக்கமாக இருந்தது. வேலையில் அடிபட்டவருக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு உண்டு; வீட்டுக்கும் ஆலைக்கும் இடையிலான வழியில் நேர்ந்த விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், வேலைக் காயமாகவே கொள்ளப்படும் என்று 1948ஆம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் ஒரு திருத்தம் சேர்ந்தது. தற்காலிகமாக வேலை செய்ய இயலாத நாள்களுக்குக் கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும் இந்த உரிமை, விபத்தை அன்றே எழுதிப் பதிவு செய்தவருக்கே எளிதாகக் கைகூடுகிறது. வாரம் கழித்து நழுவத் தொடங்கும் முழங்காலுக்கு அந்தப் பதிவு இல்லையென்றால், அது கபடியில் பட்டதோ கல்யாண வீட்டில் பட்டதோ என்ற வாதம் எழுந்துவிடும்.

மருத்துவர்களிடம் பணிவுடன் ஒரு வேண்டுகோள். ஸ்கேனுக்கு அனுப்பும் சீட்டில் 'வலது முழங்கால் வலி' என்று மட்டும் எழுதாமல், எப்படி விழுந்தார், எத்தனை மணி நேரத்தில் வீங்கியது, இழுத்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது, இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தவரா என்று நான்கு வரி எழுதுங்கள். இருட்டறையில் படத்தின் முன் உட்கார்ந்திருக்கும் நிபுணருக்கு அந்த நான்கு வரிகள் பேருதவி. தொழிலாளத் தோழர்களே, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாலும், பத்தாம் நாள் மறுபடியும் போய் முழங்காலைக் காட்டுங்கள்; படியிறங்கும்போது நழுவுகிறது என்றால், அதை மறைக்காமல் சொல்லுங்கள்.